சிதறிய படங்களும் ஒரு நூலும்: ஓவியர் தளம் ஒன்றைப் பிரித்துக் கட்டிய பதிவு

ஓவியர் ஒருவரின் தளத்தை மொத்தமாகப் பிரித்து மறுபடி கட்டும் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. இப்போது மவுஸைத் தொடாமலேயே டேப் விசையை வைத்துத் தளம் முழுக்கச் சுற்றி வரலாம். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடரில் ஆரம்பம் முதல் கடைசிவரை கேட்கலாம். எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் எதுவும் திரைக்கு வெளியே ஓடிப் போகாது. பழையதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று ஓவியரே சொல்கிறார். வேலை தொடங்கும்போது அவருக்கு இருந்த ஒரே பயம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான அணுகல்தன்மை என்று கைவைத்தால் அழகு போய்விடும் என்பதுதான். என்னென்ன செய்தேன், எது சொதப்பியது, எந்த அளவில் வந்து நின்றது என்று நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

பழைய தளம் இப்படி இருந்தது. வெள்ளைப் பலகை ஒன்றில் 24 ஓவியங்கள் தாறுமாறாகக் கிடக்கும். பலகையை மவுஸால் பிடித்து இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு படத்தின்மேல் மவுஸ் போனால் மஞ்சள் எழுத்தில் தலைப்பு மெல்ல எழும். அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிப் புள்ளி. இழுக்கும்போது சில படங்கள் வேகமாகவும் சில மெதுவாகவும் நகரும். முழுவதும் கேன்வாஸ் என்ற ஒரே வரைபரப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வரைந்தது. முதல் தடவை பார்த்தபோது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

டேப் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கேன்வாஸுக்குள் வரைந்தவை பிரவுசருக்கு வெறும் நிறப்புள்ளிகள். அங்கே படம் இருப்பதும் தெரியாது, இணைப்பு இருப்பதும் தெரியாது. ஸ்கிரீன் ரீடர் பக்கத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. கைபேசியில் மவுஸே கிடையாது என்பதால் கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் தலைப்புகள் தெரியவில்லை.

"எல்லாரும் பார்க்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க. ஆனா அரசாங்க ஃபார்ம் மாதிரி ஆக்கிடாதீங்க." ஓவியர் போட்ட நிபந்தனை இவ்வளவுதான்.

கருவிகளுக்குப் பணம் எதுவும் ஆகவில்லை. விண்டோஸில் ஓடும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் இலவசம், திறமூலம். குரோமின் டெவலப்பர் கருவிகளில் ரெண்டரிங் என்று ஒரு தாவல் இருக்கிறது. நிறக்குருடு, குறைந்த அசைவு, கட்டாய நிறங்கள் எல்லாவற்றையும் அங்கேயே போலியாக வரவழைத்துப் பார்க்கலாம். தானியங்கிச் சோதனைக்கு ஆக்ஸ் என்ற பிரவுசர் நீட்சி. மீதியெல்லாம் கீபோர்டும் பொறுமையும். செலவு என்றால் நேரம்தான், அதில் பெரும்பங்கைத் தின்றது நிரல் இல்லை, எழுத்து வேலை. அது பின்னால் வருகிறது.

வரிசை

தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் எதுவும் போடாமல், உள்ளடக்கத்தையும் அதன் அமைப்பையும் மட்டும் சொல்லும் வெறும் ஹெச்டிஎம்எல்லில் தொடங்கினேன். தளத்தின் பெயர் முதல்நிலைத் தலைப்பு, ஓர் அறிமுகப் பத்தி, பிறகு 24 படங்களின் பட்டியல். பக்கத்தின் மொழிக் குறிப்பு ஆங்கிலம் என்றே கிடந்தது. அதைத் தமிழுக்கு மாற்றினேன். அது இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் எந்தக் குரலில் படிப்பது என்று தெரியாமல் தடுமாறும்.

இந்த மொட்டைப் பக்கத்தைப் பார்த்ததும் ஓவியர் முகம் வாடியது. 2003-ல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டனைத் திறந்து காட்டினேன். அங்கே ஹெச்டிஎம்எல் ஒன்றேதான். சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றி ஆளுக்கொரு தினுசாக வடிவமைத்திருக்கிறார்கள். எலும்புக்கூட்டைப் பார்த்து ஆளை எடைபோட வேண்டாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. பலகையில் எது முதல் படம், எது அடுத்தது என்ற கேள்வியே இல்லை. ஹெச்டிஎம்எல்லில் ஏதாவது ஒன்று முதலில் வந்தே ஆக வேண்டும். ஸ்கிரீன் ரீடர் அந்த வரிசையில்தான் படிக்கும், டேப் அந்த வரிசையில்தான் நகரும். முதலில் கோப்புப் பெயர் வரிசையில் போட்டேன். என்விடிஏ-யில் கேட்டால், ஏணிமேல் பூனை, அடுத்து குடை, அடுத்து ஒரு கிழவியின் கை என்று தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஓடியது. ஓவியரைக் கேட்டேன்.

"எந்த வரிசையா இருந்தா என்ன? அதுக்குத்தானே பலகையில இறைச்சு வெச்சிருக்கேன்?"

கேட்பவருக்குப் பலகை இல்லையே. 24 படங்களையும் சின்னதாக அச்செடுத்துத் தரையில் பரப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தவர் பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். பூனை இருக்கும் ஏணியை எடுத்து, அதற்குப் பக்கத்தில் ரயில் தண்டவாளப் படத்தை வைத்தார். ஏணியின் நிழலும் தண்டவாளமும் ஒரே வடிவம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தையல் போடும் கிழவியின் கை. தண்டவாளக் கட்டைகளும் தையல் இழைகளும் ஒரே வடிவம். இப்படியே ஒரு படத்தின் கோட்டை அடுத்த படம் வாங்கிக்கொண்டு போவதுபோல 24 படங்களும் ஒரு சங்கிலி ஆகிவிட்டன. இத்தனை வருடம் வரைந்தவருக்கே இது புதிது. நான் கேட்டது டேப் வரிசையை. கிடைத்தது அதைவிடப் பெரியது.

நூல்

சரி, இந்தச் சங்கிலி இருக்கிறது. திரையில் படங்கள் இன்னும் சிதறித்தான் இருக்க வேண்டும். அது அவர் தளத்தின் குணம். அப்படியென்றால் டேப் அழுத்தும்போது கவனம், அதாவது டேப் நிற்கும் இடம், மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கும், அங்கிருந்து நடுவுக்கும் தாவும். கண்ணால் பார்த்து கீபோர்டு பயன்படுத்துகிறவர் குழம்பிப் போவார். சாதாரணமாக இந்த இடத்தில் சொல்லப்படும் ஆலோசனை, கண்ணுக்குத் தெரியும் வரிசையும் ஹெச்டிஎம்எல் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும் என்பது. ஒன்றாக்கினால் சிதறல் போய்விடும். அதனால் வரிசையையே வரைந்து காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை பலகையில் ஒரே நூல் ஓடும். டேப் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போகும்.

நூல் ஒரு எஸ்விஜி பாதை, அதாவது பிரவுசர் கணக்குப்படி வரையும் கோடு. ஒவ்வொரு படமும் திரையில் எங்கே இருக்கிறது என்று ஜாவாஸ்கிரிப்டில் கேட்டு, நடுப்புள்ளிகளை வளைகோடுகளால் இணைத்தேன். பலகையின் அளவு மாறும்போதெல்லாம் மறுபடி வரைய, அளவு மாற்றத்தைக் கவனித்துச் சொல்லும் ரீசைஸ் அப்சர்வர். எழுத்துரு தாமதமாக வந்து தலைப்புச் சீட்டுகள் நீளும்போது நூல் இடம் பிசகியது. எழுத்துரு வந்து சேர்ந்தபின் இன்னொரு தடவை வரையச் சொன்னதும் சரியானது. அப்புறம் எந்தப் படத்தைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை. மேலே விரித்திருந்த எஸ்விஜி சொடுக்கையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. சொடுக்கை வாங்கும் பாயின்டர் ஈவன்ட்ஸ் பண்பை நன் (எதுவும் இல்லை) என்று வைத்ததும் விட்டுக்கொடுத்தது. ஸ்கிரீன் ரீடருக்கு இந்த எஸ்விஜி தேவையில்லை என்பதால், அதனிடமிருந்து மறைக்கும் ஏரியா ஹிடன் குறிப்பைப் போட்டேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

மஞ்சள்

அவருடைய அடையாள நிறம் ஒரு மஞ்சள்: சிவப்பு 240, பச்சை 180, நீலம் 40. வெள்ளைமேல் அந்த எழுத்தின் நிற வேறுபாட்டைக் கணக்குப் போட்டால் 1.86-க்கு 1. டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5. 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள பெரிய எழுத்துக்கு 3 போதும். பெரிய எழுத்தாக்கித் தப்பிக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் கிட்டவில்லை.

மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கிப் பார்த்தோம். 148, 110, 22 என்ற இடத்தில் 4.66 கிடைத்தது. ஓவியர் அதைப் பார்த்துவிட்டு "இது துரு" என்றார். துருவேதான்.

அதற்கப்புறம் யோசித்ததில் தெரிந்தது, மஞ்சள் வெளிச்சமான நிறம், அதை வெள்ளைமேல் எழுத்தாக உட்கார வைத்தால் எந்த மஞ்சளும் தோற்கும். அதனால் இடத்தை மாற்றினோம். மஞ்சள் சீட்டு, அதன்மேல் கரிய எழுத்து, மூன்று எண்களும் 34. வேறுபாடு 8.5. கேட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மவுஸ் போனால்தான் தலைப்பு என்ற ஏற்பாட்டையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் கொஞ்சம் சாய்வாக ஒட்டிய சீட்டுபோல் நிரந்தரமாக வைத்தோம். முன்பு மவுஸ் போன இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தெரிந்த மஞ்சள் இப்போது பலகை முழுக்க 24 இடத்தில் பளிச்சென்று நிற்கிறது. ஓவியருக்கு இந்தத் திருத்தத்தில்தான் முதன்முதலாகத் திருப்தி வந்தது.

நூலுக்கும் கணக்கு உண்டு. புரிந்துகொள்ளத் தேவைப்படும் கோடு, சின்னம் போன்றவற்றுக்கு 3-க்கு 1 வேண்டும் என்பதை 2018-ல் வந்த வழிகாட்டியின் 2.1 பதிப்பு சேர்த்தது. மஞ்சள் நூல் அதில் தோற்கும். 6 பிக்சல் மஞ்சள் கோடு வரைந்து அதன் நடுவே 2 பிக்சலில் கரிய கோடு ஓட்டினோம். முறுக்கிய கயிறுபோல் வந்துவிட்டது. திட்டமிட்டிருந்தால் இப்படி வந்திருக்காது.

குட்டிப் புள்ளி மவுஸை ஒரே வரியில் தூக்கினேன். பார்வை மங்கியவர்கள் கணினியில் அம்புக்குறியைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அதை ஒளித்து வைக்க நமக்கு என்ன உரிமை?

வளையம்

டேப் எங்கே நிற்கிறது என்று காட்டும் வளையத்தைப் பல வடிவமைப்பாளர்கள் முதல் வேலையாக அழித்துவிடுவார்கள். அவுட்லைன் நன் என்ற அந்த ஒரு வரி எத்தனை தளங்களைக் கீபோர்டுக்குப் பூட்டியிருக்கிறதோ. ஓவியரும் "அந்த நீலக் கோடு வேண்டாமே" என்றுதான் தொடங்கினார். நீலக் கோடு வேண்டாம், வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். தன் வரைவுகளில் பிடித்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் அவசரமாக ஒரு சுழி போடுவது அவர் வழக்கம். அதையே வரைந்து கொடுத்தார்.

முதலில் ஒரே சுழியை எல்லாப் படங்களுக்கும் இழுத்துப் பொருத்தினேன். குறுக்குப் படத்தில் கோடு தடித்தது, நெடுக்குப் படத்தில் மெலிந்தது. தடிமன் மாறாமலிருக்க எஸ்விஜியில் ஒரு பண்பு இருக்கிறது. அதைப் போட்டதும் தடிமன் சரியானது, ஆனால் சுழி வரைந்துகொண்டே வரும் அசைவு பாதியில் நின்றது. அதோடு மல்லுக்கட்டியது வீண். கடைசியில் ஓவியர் குறுக்கு, நெடுக்கு, சதுரம் என்று மூன்று சுழிகள் வரைந்தார். அவற்றை இழுக்காமல் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் போதுமாக இருந்தது. கரும்படத்தின் மேலும் வெண்படத்தின் மேலும் தெரிய வேண்டும் என்பதால் கீழே 8 பிக்சலில் வெள்ளைச் சுழி, மேலே 4 பிக்சலில் கரிய சுழி. கீபோர்டால் வரும்போது செயல்படும் ஃபோகஸ் விசிபிள் தேர்வியில் வைத்ததால் மவுஸால் சொடுக்குபவருக்குச் சுழி வராது.

விண்டோஸில் மாறுபாட்டுத் தீம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த நிலையில் பிரவுசர் நம் நிறங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களுடைய நிறங்களைப் போடும். பெட்டிகளைச் சுற்றிய நிழலான பாக்ஸ் ஷேடோ மொத்தமாகக் காணாமல் போகும். எஸ்விஜி கோடுகளின் நிறத்தை மட்டும் தொடாது, ஆகவே கரிய பின்னணியில் நம் கரிய கோடு மறைந்துவிடும். அவுட்லைனை 3 பிக்சலில் நிறமில்லாமல் எப்போதும் வைத்திருந்தால், சாதாரண நேரத்தில் தெரியாது, அந்தத் தீமில் தானாக நிறம் பெற்றுத் தெரியும். நூலுக்கு மட்டும் கட்டாய நிறங்கள் பிரிவில் கேன்வாஸ் டெக்ஸ்ட் என்ற அமைப்பு நிறத்தைக் கொடுத்தேன்.

அசைவு

படங்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்வது சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் தரும். உள்காதின் சமநிலைச் சிக்கல் உள்ளவர்களுக்கு இது சாதாரண எரிச்சல் இல்லை, படுத்துக்கொள்ள வேண்டிய உபாதை. அவர்கள் கணினியில் அசைவைக் குறை என்று சொல்லி வைத்திருந்தால் சிஎஸ்எஸ் அதைக் கேட்டறிய முடியும்.

அந்த நிலையில் எல்லா அசைவையும் நன் என்று ஒரே வரியில் அணைத்தேன். பக்கம் காலியாகிவிட்டது. படங்கள் ஒளிபுகாத்தன்மை பூஜ்யத்தில் தொடங்கி அசைவின் மூலம்தான் தெரிய வருவதாக எழுதியிருந்தேன். அசைவை அணைத்ததும் பூஜ்யத்திலேயே உட்கார்ந்துவிட்டன. இணையத்தில் நகலெடுத்து ஒட்டப்படும் துணுக்குகளில் இந்தப் பொறி நிறைய இருக்கிறது. தலைகீழாக மாற்றினேன்: இயல்பில் எல்லாம் அசையாமல், முழுதாகத் தெரியும். தடையேதும் இல்லை என்று கணினி சொன்னால் மட்டும் அசைவு சேரும்.

பல வேக நகர்வை எல்லோருக்குமே எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இடையிலுள்ள நூல் மட்டும் அரை நொடியில் வரைந்துகொண்டு போகும். குறைந்த அசைவு கேட்டவர்களுக்கு நூல் ஏற்கெனவே வரைந்தபடி இருக்கும். பலகையை இழுப்பதும் போய், சாதாரண ஸ்கிரோல் வந்துவிட்டது. இழுத்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை கூடாது என்பதை 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு தனி விதியாகவே வைத்திருக்கிறது.

பெரிதாக்குதல்

1280 பிக்சல் அகலத் திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால் பிரவுசருக்கு மிஞ்சுவது 320 பிக்சல். அந்த அகலத்தில் பக்கவாட்டில் ஸ்கிரோல் செய்யாமல் படிக்க முடிய வேண்டும். அங்கே சிதறல் நடக்காது. ஒரே நெடுவரிசை, இடது ஓரமாக நூல் நேராக இறங்கும். கைபேசிக்கும் இதே அமைப்புதான், இரண்டு வேலையை ஒன்றில் முடித்தோம்.

தலைப்பு எழுத்தளவைத் திரை அகலத்தின் சதவீதமாக மட்டும் வைத்திருந்ததால் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது அசையவே இல்லை. பெரிதாக்கும்போது அகலம் சுருங்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று சாப்பிட்டுவிடுகின்றன. பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைச் சார்ந்த ரெம் அளவோடு கொஞ்சம் திரை அகலத்தைக் கூட்டி, கீழெல்லையும் மேலெல்லையும் வைத்ததும் சரி. மஞ்சள் சீட்டுகளுக்கு உயரத்தைக் கறாராக வைத்திருந்த இடங்களில் "கீ", "கூ" போன்ற எழுத்துகளின் கொம்பும் வாலும் வெட்டுப்பட்டன. உயரத்துக்குப் பதில் குறைந்தபட்ச உயரம், வரி இடைவெளி 1.5. தமிழுக்கு இதைவிடக் குறைத்தால் நெருக்குகிறது.

நூலுக்குக் குரல்

இந்தக் கட்டத்தில் ஆக்ஸ் ஒரு பிழையும் காட்டவில்லை. அப்போது படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படிக்கும் ஆல்ட் உரைகள் எல்லாம் "படம் 1", "படம் 2" என்றுதான் இருந்தன. ஆல்ட் இருக்கிறதா இல்லையா என்று கருவிக்குத் தெரியும்; அது எதையாவது சொல்கிறதா என்று தெரியாது.

ஆல்ட் எழுத ஓவியரை உட்கார வைத்தது இந்த வேலையிலேயே கடினமான பகுதி. முதலில் "பூனையின் படம்" என்று எழுதினார். படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும் என்றதும் "பூனை" என்று சுருக்கினார். அதன்பின் நான் "ஏணியில் அமர்ந்திருக்கும் கறுப்புப் பூனை, பின்னணியில் சுவர், வலப்புறம் நிழல்" என்று நீட்டினேன். அது காவல்நிலையப் புகார்போல் இருந்தது. கடைசியில் நின்றது: "ஏணியின் உச்சிப் படியில் ஒரு பூனை. ஏறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை." படத்தில் அந்தப் பூனையின் முகத்தைப் பார்த்தால் இதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். ஒன்றைப் பிடித்ததும் மீதி வேகமாக வந்தது. சிலவற்றை எழுதும்போது படத்தின் தலைப்பையே மாற்றினார்.

முதலில் படம், தலைப்பு இரண்டையும் ஒரே இணைப்புக்குள் வைத்திருந்தேன். என்விடிஏ-யில் இன்சர்ட்டோடு எஃப் 7 அழுத்தி இணைப்புப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வோர் இணைப்பும் ஒரு பத்தி நீளம். தலைப்பை மட்டும் இணைப்பாக்கி, சிஎஸ்எஸ்ஸால் மட்டும் உருவாகும் அதன் போலிக்கூறு ஒன்றைப் படம் முழுக்க விரித்தேன். சொடுக்க முழுப் பரப்பும் கிடைக்கும், பட்டியலில் தலைப்பு மட்டும் வரும்.

அப்புறம் பார்வையில்லாத நண்பரைக் கூப்பிட்டோம். ஹெச் விசையை அழுத்தி அழுத்தித் தலைப்புகளில் தாவிக்கொண்டே போனார். சில படங்களில் நின்று ஆல்ட்டைக் கேட்டுச் சிரித்தார். ஐஃபோனில் திறந்தபோது மொத்தம் எத்தனை என்று தெரியவில்லை என்றார். பட்டியலின் புள்ளிகளை சிஎஸ்எஸ்ஸில் எடுத்துவிட்டால் சஃபாரியில் ஐஃபோனின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவர் அதைப் பட்டியலாகவே எண்ணாது. ரோல் லிஸ்ட் என்று வெளிப்படையாக எழுதியதும் எண்ணிக்கை வந்துவிட்டது. சின்ன விஷயம்.

பெரிய விஷயத்தைப் போகிறபோக்கில் கேட்டார்: "நூல் நூல்னு ரெண்டு பேரும் பேசிட்டே இருக்கீங்களே, எனக்கு அது எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. அலங்காரம் என்று ஏரியா ஹிடன் போட்டு நான்தான் மறைத்திருந்தேன். ஆனால் அது அலங்காரம் இல்லை. இந்தப் படத்துக்கு அடுத்து ஏன் அந்தப் படம் என்பதுதான் இந்தத் தளத்தின் உயிர். எஸ்விஜியை ஸ்கிரீன் ரீடருக்குத் திறந்துவிட்டால் மட்டும் கோடு பேசிவிடாது. நண்பரிடம் அந்தச் சங்கிலியை விளக்கும்போது ஓவியர் இயல்பாகச் சொன்ன வாக்கியங்களையே எழுதிக்கொண்டேன். இரண்டு படங்களுக்கு இடையே ஒரு வரி வீதம் மொத்தம் 23.

"ஏணியின் நிழல் நீண்டு நீண்டு தண்டவாளம் ஆகிறது."

"தண்டவாளக் கட்டைகள் சுருங்கிச் சுருங்கித் தையல் ஆகின்றன."

இவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் ஒளித்து வைப்பதுதான் வழக்கம். ஓவியர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, நூலோரமாக எல்லோருக்கும் தெரியட்டும் என்றார். வளைகோட்டின் மேலேயே எழுத்தை ஓடவிடும் எஸ்விஜி வசதியை முயன்றேன். வளைவு அதிகமான இடங்களில் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதின, தவிர அந்த எஸ்விஜி ஸ்கிரீன் ரீடருக்குப் போகாது. சாதாரணப் பத்திகளாக வைத்து, நூலின் சாய்வுக்கு ஏற்பச் சில பாகை மட்டும் சாய்த்தேன். நூல் எஸ்விஜி இன்னும் ஏரியா ஹிடன்தான். அது சொல்ல வேண்டியதைப் பத்திகள் சொல்கின்றன. பட்டியலும் எண் வரிசையுள்ள பட்டியல் ஆனது. தளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது படங்களைவிட இந்த வரிகளைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அது ஓவியருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

சிதறடி, அடுக்கு

பழைய தளத்தில் படங்களை இழுத்து இடம் மாற்றி விளையாட முடிந்தது. அதை முழுதாக விட மனமில்லை. இரண்டு பொத்தான்கள் வைத்தோம், 44 பிக்சல் உயரம். வழிகாட்டியின் இரண்டாம் நிலை 24-ஐ ஏற்றுக்கொள்ளும், ஆனால் கைநடுக்கம் உள்ளவருக்கு 24 கஷ்டம்தான். "சிதறடி" என்றால் படங்கள் இடம் மாறும். ஹெச்டிஎம்எல் வரிசையைத் தொடுவதே இல்லை, அதனால் நூல் சிக்கலாகிக்கொண்டே போகும். "அடுக்கு" என்றால் சிக்கல் பிரிந்து வரிசையாக நிற்கும். மாறியதை ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ல, இடையூறு செய்யாத ஏரியா லைவ் அறிவிப்பு: "படங்கள் இடம் மாறின. வரிசை மாறவில்லை."

இதில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. நூல் மிகவும் சிக்கலான நிலையில் திரை உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறவருக்குக் கவனம் எங்கெங்கோ தாவுகிறது. திரையின் ஒரு மூலையை மட்டும் பார்க்கிறவருக்கு நூலின் மறுமுனை தெரியாது. ஆகவே தளம் திறக்கும்போது பாதி அடுக்கிய நிலையில், பக்கத்துப் படங்கள் நூலிலும் பக்கத்திலேயே இருக்கும்படி வைத்திருக்கிறேன். சிக்க வைப்பது வருகிறவரின் விருப்பம்.

அடுத்த முறை இப்படி ஒரு தளம் வந்தால் முதல் சந்திப்பிலேயே படங்களை அச்செடுத்துத் தரையில் பரப்பிவிடுவேன். நிறம், எழுத்துரு எல்லாம் அதற்கு அப்புறம். ஆல்ட் உரையைப் படத்தோடு சேர்த்தே கேட்டு வாங்குவேன்; கடைசியில் 24-ஐ மொத்தமாக எழுதச் சொன்னால் எவரும் சோர்ந்து போவார்கள். ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்துகிற ஒருவரை, எல்லாம் முடிந்தபின் சோதிக்கக் கூப்பிடாமல், வெறும் ஹெச்டிஎம்எல் இருக்கும் கட்டத்திலேயே கூப்பிடுவேன். நூல் எங்கே என்ற கேள்வி அன்றைக்கே வந்திருந்தால் அந்த 23 வரிகளுக்கான இடத்தைப் பலகையில் முதலிலேயே ஒதுக்கியிருக்கலாம். இப்போது சிதறடித்த நிலையில் நூல் சில வரிகளின் மேலேயே குறுக்கே ஓடுகிறது. வரிகளுக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை கொடுத்துத் தற்காலிகமாகச் சமாளித்திருக்கிறேன். நூலை எழுத்தைச் சுற்றி வளைந்து போகச் செய்யும் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.